தேநீர் பிடிக்காதவர் திருகோணமலையில் என்ன செய்வது?

கேள்வி: உப்புவெளி ஆசிரியை

எனக்குத் தேநீர் பிடிக்காது. எங்கள் வீட்டில் அம்மம்மா காலத்திலிருந்து மல்லியும் வேர்க்கொம்பும் சேர்த்து இடித்த கோப்பிதான் வழக்கம் என்பதால், வீட்டோடு இருந்தவரை இது ஒரு பிரச்சினையாகத் தெரியவில்லை. ஆசிரியையாக வேலைக்கு வந்த பிறகு நாளாந்தச் சங்கடமாகிவிட்டது. இடைவேளைக்கு ஒரு கோப்பை, மாணவர் வீட்டுக்குப் போனால் ஒரு கோப்பை, கலியாணப் பேச்சு நடக்கும் வீட்டில் ஒன்று, செத்த வீட்டில் ஒன்று. பெரும்பாலும் பால்மாவும் சீனியும் அள்ளிக் கரைத்து, மேலே ஆடை படர்ந்து, கீழே அடித்தொண்டையைப் பிடிக்கும் கயர்ப்போடு வருகிறது. இரண்டு வாய் குடித்தாலே வயிறு புரட்டுகிறது. "வேண்டாம்" என்று சொன்னாலோ, கொண்டுவந்தவரின் முகம் வாடிவிடுகிறது.

இரண்டு விடயங்களை அறிய விரும்புகிறேன். தேநீரை விரும்பி அருந்துபவர்கள் அதில் எந்தச் சுவையைக் காண்கிறீர்கள்? என்னைப் போன்றவர்கள் ஒரு வீட்டில் யாருடைய மனத்தையும் நோகடிக்காமல் அதை எப்படி மறுக்கிறீர்கள்?

பதில்: நிலாவெளிக் கரையோரம்

வணக்கம் ரீச்சர். எனக்குத் தேநீர் இல்லாமல் பொழுது விடியாது. கரைவலை இழுக்கும் இடத்துக்கு அருகில் வளர்ந்தவன் நான். விடிவதற்கு முன்பே கரைக்கு ஒரு பெரிய கேத்தலில் வெறுந்தேநீர் வந்துவிடும். அதில் சீனி இராது. ஆளுக்கொரு துண்டு பனங்கட்டியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, ஒரு கடி, ஒரு மிடறு என்று குடிப்போம். இனிப்பு வாயில் கரையும்போது அந்தத் துவர்ப்பு அதைக் கழுவிச் செல்கிறது. நாக்கு மீண்டும் இனிப்பைத் தேடுகிறது. துவர்ப்பு இல்லாவிட்டால் அது வெறும் சர்க்கரைத் தண்ணீர்தான் என்பது என் உறுதியான எண்ணம். கச்சான் காற்று அனலாக அடிக்கும் ஆடி மாதத்திலும் எனக்குச் சூடான தேநீர்தான் வேண்டும். குடித்து வியர்த்த உடம்பில் காற்றுப் படும்போது வருகின்ற குளிர்ச்சியைப் போத்தல் பானங்களில் நான் கண்டதில்லை.

ஆனால் நீங்கள் சொல்கின்ற அந்தப் பால்மாத் தேநீரை என்னாலும் குடிக்க முடியாது. அதை வைத்துத் தேநீரை வெறுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பதில்: மலையகத்திலிருந்து வந்தவள்

ரீச்சர், நான் பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, திருமணமாகித் திருகோணமலைக்கு வந்தவள். கொழுந்து பறித்த கைகளுக்கு நல்ல தேயிலை கிடைத்துவிடுவதில்லை. தரமானது கொழும்பு ஏலத்துக்குப் போக, லயத்தில், அதாவது தோட்டக் குடியிருப்பில், நாங்கள் ஊற்றிக் குடித்தது பெரும்பாலும் தூள்தான். ஆனாலும் அந்தத் தூளிலே கூட ஒரு மணம் இருந்தது. இங்கே வந்து, ஊரிலிருந்து கொண்டுவந்த அதே தேயிலையை ஊற்றியபோது நிறம் மங்கிப்போய், மேலே எண்ணெய் மிதப்பதுபோல ஒரு படலம் நின்றது. தேயிலையில் குற்றம் இல்லை, தண்ணீரில்தான் என்பதைக் கேத்தலின் உட்புறத்தில் படிந்திருந்த வெள்ளைச் சுண்ணாம்பைச் சுரண்டிப் பார்த்தபோது விளங்கிக்கொண்டேன். வரண்ட வலயத்துக் கிணற்று நீரில் கல்சியம் அதிகம். அது தேயிலையின் சாயத்தோடு சேர்ந்து படலமாகிவிடுகிறது, மணத்தையும் அமுக்கிவிடுகிறது. வடிகட்டிய தண்ணீரிலோ சேகரித்த மழைநீரிலோ ஊற்றிப் பாருங்கள்; வித்தியாசத்தைக் கண்ணாலேயே காணலாம்.

அடுத்தது, ஊற்றும் விதம். இங்குள்ள கடைகளில் தேயிலையை வடியில் போட்டு, அதே சக்கையின் மீது காலையிலிருந்து கொதிநீரை மீண்டும் மீண்டும் ஊற்றுகிறார்கள், அல்லது அடுப்பிலேயே வைத்துக் காய்ச்சுகிறார்கள். கஃபீனும் மணமும் முதல் சில நிமிடங்களிலேயே தண்ணீரில் இறங்கிவிடும். அதன் பிறகு இறங்குவது பெரும்பாலும் நீங்கள் சொல்கிற கயர்ப்பு. அந்தக் கயர்ப்பை மறைக்கத்தான் பால்மாவை அள்ளிப் போட வேண்டியிருக்கிறது. பாலிலுள்ள புரதம் துவர்ப்புப் பொருளைப் பிடித்துக்கொள்வதால் தொண்டையில் பிடிப்பது குறைகிறது. அப்படியும் குறையாததைச் சீனியால் மூடுகிறார்கள். ஒரு கோப்பைக்கு ஒரு தேக்கரண்டித் தேயிலை, நன்றாகக் கொதித்த தண்ணீர், மூடிவைத்து மூன்று நான்கு நிமிடம், பின்பு உடனே வடித்துவிடுவது: இவ்வளவும் செய்தால் பாலே தேவைப்படாது.

தேயிலையும் ஒரே மாதிரியானதல்ல. தாழ்நிலத்தில், அதாவது 2,000 அடிக்குக் கீழே விளைவது கடும் சாயமும் கனத்த சுவையும் உடையது; பால் கலப்பதற்கு அதையே விரும்புவார்கள். நுவரெலியாத் தேயிலை வெளிர் நிறம், மெல்லிய மணம். எங்கள் ஊவா மாகாணத் தேயிலைக்கு யூலை முதல் செப்டெம்பர் வரைதான் சிறந்த பருவம். தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மேற்குப் புறத்தில் மழையைக் கொட்டிவிட்டு, வரண்ட காற்றாக எங்கள் பக்கம் இறங்கும்போது கொழுந்து மெதுவாக வளர்ந்து மணத்தைச் சேர்த்துக்கொள்கிறது. நிலாவெளி அண்ணன் சொன்ன கச்சானும் அதே பருவத்துக் காற்றுத்தான் என்று அறிந்தபோது, கல்யாணமாகி வந்த இந்த ஊர் எனக்குக் கொஞ்சம் நெருக்கமானது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் அம்மம்மாவின் கோப்பி இந்த நாட்டில் தேயிலைக்கு மூத்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் கண்டிக்கு அண்மையிலுள்ள லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலையை நட்டபோது மலைநாடு கோப்பித் தோட்டங்களால் நிறைந்திருந்தது. 1869இல் இலைத்துரு நோய் தோன்றிக் கோப்பியை அழித்திராவிட்டால், இன்று வீட்டுக்கு வருபவர்களுக்கு நாம் கோப்பியைத்தான் நீட்டிக்கொண்டிருப்போம். ஆகவே நீங்கள் மரபை மீறுவதாக யாரும் எண்ண இடமில்லை.

பதில்: தாதி உத்தியோகத்தர், திருகோணமலை

சுவையைப் பற்றி நான் பேசப் போவதில்லை. சோற்றை உண்டு முடித்த கையோடு தேநீர் குடிக்கும் பழக்கத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கீரை, பருப்பு, தானியம் ஆகியவற்றிலுள்ள இரும்புச்சத்தைத் தேயிலையின் துவர்ப்புப் பொருட்களான பொலிபீனோல்கள் பிடித்துவைத்துக்கொள்வதால், உடல் அதை உறிஞ்சும் அளவு பாதிக்கும் மேலாகக் குறையக்கூடும். மீன், இறைச்சியிலுள்ள இரும்புக்கு இந்தப் பாதிப்பு மிகக் குறைவு. இரத்தச்சோகை உள்ள பெண்களும் கருவுற்ற தாய்மாரும் உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணித்தியாலமாவது விடுவது நல்லது. இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்கவே கூடாது. உணவோடு தேசிக்காய்ப் புளி சேர்த்தால் இரும்பு உறிஞ்சப்படுவது கூடும். கருவுற்றவர்கள் ஒரு நாளில் 200 மில்லிகிராமுக்கு மேல் கஃபீன் எடுக்காதிருப்பது பரவலான மருத்துவ அறிவுரை. ஒரு கோப்பைத் தேநீரில் பொதுவாக 30 முதல் 50 மில்லிகிராம் இருக்கும், கோப்பியில் அதைவிட அதிகம். பால் மறந்த குழந்தைக்கு இனிப்புத் தேநீரில் பிஸ்கட்டைத் தோய்த்துக் கொடுக்கும் வழக்கம் என்னை உண்மையில் வருத்துகிறது. அந்தச் சிறு வயிற்றில் உணவுக்குரிய இடத்தைத் தேநீர் பிடித்துக்கொள்கிறது.

பதில்: மூதூர்ப் பெரியவர்

மகள், உங்கள் இரண்டாவது கேள்விக்கு யாரும் இன்னும் மறுமொழி தரவில்லை. கோப்பையை மறுத்தால் ஏன் முகம் வாடுகிறது என்பதற்கு எங்கள் சமூகத்தில் ஆழமான காரணம் உண்டு. யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளில் ஒடுக்கப்பட்ட சாதியினரை உள்ளே இருக்க விடாமல், வேறு பாத்திரத்தில் ஊற்றிக்கொடுத்த காலம் இருந்தது. 1960களின் பிற்பகுதியில் அங்கே தேநீர்க் கடைகளிலும் கோயில்களிலும் சமமாக நுழைவதற்காகப் பெரும் போராட்டங்கள் நடந்தன, அடி உதை பட்டவர்களும் உயிர் விட்டவர்களும் உண்டு. ஒருவர் வீட்டில் வாய் நனைப்பது அவரைச் சமமாக ஏற்றுக்கொள்வது என்ற எண்ணம் எங்களுக்குள் இன்றும் அப்படியே கிடக்கிறது. சாதி மட்டுமல்ல, தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் வாழும் இந்த மாவட்டத்தில், கசப்பான ஆண்டுகளுக்குப் பிறகு முதன்முதலாகப் படியேறி வருபவர் "ஒன்றும் வேண்டாம்" என்றால், அந்த வீட்டார் அதை வேறு விதமாகத்தான் விளங்கிக்கொள்வார்கள்.

ஆகையால் "வேண்டாம்" என்ற சொல்லோடு நிறுத்தாதீர்கள். கோப்பை வருவதற்கு முன்பே, உட்காரும்போதே, "எனக்குத் தேநீர் ஒத்துக்கொள்வதில்லை, கொஞ்சம் தண்ணீர் தாருங்கள்" என்று கேட்டு வாங்கிக் குடியுங்கள். கேட்டு வாங்குபவரைப் பார்த்து யாரும் மனம் நோவதில்லை. தம்பலகாமம் பக்கம் போனால் மோர் கேளுங்கள், எருமைத்தயிர் இல்லாத வீடு அங்கே குறைவு. தேசிக்காய்த் தண்ணீர், மல்லி அவித்த நீர், ஆவரம்பூ அவித்த நீர் என்று எங்கள் வீடுகளில் இருக்கவே இருக்கின்றன. கேட்பார் இல்லாமல்தான் அடுக்களையோடு நின்றுவிடுகின்றன.

கேட்டவர் மீண்டும்: உப்புவெளி ஆசிரியை

எல்லோருக்கும் நன்றி. ஐயா சொன்னபடி, கோப்பை வரும் முன்பே தண்ணீர் கேட்பதை இனி வழக்கமாக்கிக்கொள்வேன். செத்த வீட்டில் மட்டும் என்ன செய்வதென்று இன்னும் தெரியவில்லை. அழுது களைத்தவர்களிடம் வேறொன்றைக் கேட்க மனம் வராது. மலையகச் சகோதரி சொன்ன முறையில் ஒருமுறை நானே ஊற்றிப் பார்க்கவும் விரும்புகிறேன். எதை வாங்குவது?

பதில்: மலையகத்திலிருந்து வந்தவள்

செத்த வீட்டில் வாங்கிக் கையில் வைத்திருங்கள் ரீச்சர்; ஒரு மிடறு போதும், மிச்சத்தை யாரும் பார்க்க மாட்டார்கள். தேயிலைக்கு, பொதியில் ஊவா என்றோ நுவரெலியா என்றோ இடம் குறித்திருப்பதை வாங்குங்கள்; தரம் பி.ஓ.பி. (உடைத்த இலை) என்றிருந்தால் நல்லது, டஸ்ட் (தூள்) என்றிருந்தால் விரைவில் கடுத்துவிடும். முதலில் 100 கிராம் பொதி போதும். பால் வேண்டாம், சீனியும் வேண்டாம், பனங்கட்டி ஒரு துண்டு பக்கத்தில் இருக்கட்டும். அதற்குப் பிறகும் பிடிக்காவிட்டால் உங்களுக்குத் தேநீர் பிடிக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். கோப்பியையே குடியுங்கள். நான் உங்கள் வீட்டுக்கு வந்தால் அந்த மல்லிக் கோப்பியைத்தான் கேட்பேன்.