காட்டிய விலை ஒன்று, கட்டிய விலை ஒன்று: ஓட்டல் பில்லில் ஒட்டிக்கொள்ளும் கட்டாயக் கட்டணங்கள்

மாட்டுங்கா டிராவல்ஸ்

டிசம்பர் நெருங்கினால் மும்பைக்காரர்கள் லோனாவாலா, அலிபாக், மகாபலேஷ்வர், கோவா என்று ரூம் தேட ஆரம்பிப்பார்கள். எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம் 'காலா டின்னர்' என்ற பண்டிகை ராத்திரி விருந்து. டிசம்பர் 24, 31 ஆகிய இரண்டு இரவுகளுக்கும் பல ரிசார்ட்டுகளில் அது கட்டாயம். சாப்பிட வராவிட்டாலும் பணம் கட்டணும். தலைக்கு 3,500 ரூபாய், பிள்ளைகளுக்குப் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு பெரியவர், இரண்டு பிள்ளை என்றால் 17,500. ஆப்பில் பார்த்தது 6,000 ரூபாய் வீதம் இரண்டு ரூம், அதாவது 12,000. ரூமை விட ராத்திரிச் சாப்பாடு பெரிய தொகை ஆகிவிடுகிறது. 'நியாயமான விலை' என்று நினைத்துத்தான் அந்த ஓட்டலைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள்.

இது வரி இல்லை. அரசாங்கம் போட்டதும் இல்லை. ஓட்டல் தானே வைத்த விலை. கட்டாயம் என்று ஆன பிறகு அது ரூம் வாடகையின் ஒரு பகுதிதானே? அதை முதல் திரையில் காட்டாமல் கவுண்டரில் காட்டுவதுதான் இங்கே தப்பு.

இந்தக் கட்டணம் பெரும்பாலும் ஆப்பின் அடியில் 'ஓட்டல் விதிகள்' அல்லது 'முக்கியத் தகவல்' பகுதியில் ஒரே வாக்கியமாகக் கிடக்கும். தேதியைப் போட்டு, பணம் கட்டும் பக்கம் வரை போய்விட்டு, திரும்பி வந்து அந்தப் பகுதியைப் படியுங்கள். 30-ஆம் தேதி உள்ளே போய் 1-ஆம் தேதி வெளியே வருபவருக்கும் 31 இரவு நடுவில் மாட்டும். சமையலறை இல்லாத ஹோம்ஸ்டேயில் இந்தத் தொல்லை பொதுவாக இருக்காது. பிள்ளைகளின் வயதையும் உள்ளபடி போடுங்கள். இரண்டு பெரியவர் என்று மட்டும் போட்டுவிட்டு ஏழு வயசுப் பிள்ளையோடு போய் நின்றால், கவுண்டரில் கேட்கிற தொகைதான் விலை. ஆப்பிடம் முறையிட வழியில்லை. 5, 12 வயது எல்லைகளில்தான் சண்டை வரும், அதனால் பிள்ளையின் ஆதாரும் கையில் இருக்கட்டும்.

செம்பூர் கணக்கர்

அண்ணா சொன்னது ஓட்டல் வைக்கும் கட்டணம். வரியை அதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது, ஏனென்றால் வரியை மறுக்க முடியாது. ஆனால் வரியையே தப்பாகப் போடும் பில்லும் வருகிறது. அதைப் பிடிக்கத் தெரியணும்.

2025 செப்டம்பர் 22 முதல் ஒரு ரூமுக்கு ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரை ஜிஎஸ்டி 5 சதவீதம். அதற்கு முன் அது 12 ஆக இருந்தது. 7,500-ஐத் தாண்டினால் 18 சதவீதம். 'ஒரு ரூமுக்கு, ஒரு நாளைக்கு' என்பதுதான் முக்கியம். மூன்று இரவுக்கு 5,000 வீதம் 15,000 ஆகிறது, 7,500-ஐத் தாண்டிவிட்டது என்று 18 போட்டிருந்தால் அது தப்பு; 750 ரூபாய் வரவேண்டிய இடத்தில் 2,700 வாங்குகிறார்கள். சனிக்கிழமை 9,000, ஞாயிற்றுக்கிழமை 6,000 என்றால் சனிக்கு 18, ஞாயிறுக்கு 5 என்று தனித்தனியாகப் போடணும்.

எல்லைக்கோட்டில் நிற்கும் ரூமில் பேரம் பேசுவது லாபம். 7,500 ரூபாய் ரூம் வரியோடு 7,875. 7,600 ரூபாய் ரூம் வரியோடு 8,968. வாடகையில் 100 ரூபாய் வித்தியாசம், கையை விட்டுப் போவது 1,093. நேரடியாக ஓட்டலில் பேசும்போது 'வரிக்கு முன் 7,500-க்குள் வையுங்கள்' என்று கேட்டால் அவர்களுக்கும் உடனே புரியும்.

அடுத்து ஜிஎஸ்டி எண். எழுத்தும் எண்ணுமாக 15 இடம் இருக்கும். மகாராஷ்டிரத்தில் 27 என்று தொடங்கும், கோவாவில் 30, கர்நாடகத்தில் 29. பில்லில் எண்ணே இல்லாமல் 'ஜிஎஸ்டி' என்று ஒரு தொகை எழுதியிருந்தால் கொடுக்கவேண்டாம். பதிவு செய்யாதவர் வரி வசூலிக்கவே கூடாது. எண் இருந்தால் ஜிஎஸ்டி தளத்தில் போட்டுப் பாருங்கள். 'காம்போசிஷன்' வகை (சின்ன வியாபாரிகளுக்கான எளிய வரித் திட்டம்) என்று வந்தால் அவரும் வாடிக்கையாளரிடம் தனியாக வரி வாங்கக் கூடாது. பதிவில்லாத சின்ன ஹோம்ஸ்டேயை ஆப் மூலம் எடுத்தால் வரியை ஆப்பே வாங்கிக் கட்டிவிடும். வீட்டுக்காரர் மறுபடி கேட்டால் அது இரட்டை வசூல்.

கம்பெனி வேலையாகச் சென்னையிலிருந்து வருபவர்களுக்கு ஒன்று. ஓட்டல் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலத்து வரிதான் போடப்படும். தமிழ்நாட்டுப் பதிவு எண்ணைக் கொடுத்து, கம்பெனி கட்டவேண்டிய ஜிஎஸ்டியில் இந்த வரியைக் கழித்துக்கொள்ள முடியாது.

டோம்பிவிலி அக்கா

ஓட்டலுக்குள்ளே இருக்கிற ரெஸ்டாரண்டில் தோசைக்கு 18 சதவீதம் போடுகிறார்களே, அது சரியா தம்பி? அதோடு 10 சதவீதம் 'சர்வீஸ்' வேற.

செம்பூர் கணக்கர்

18 சரியாக இருக்கலாம் அக்கா. முந்தைய நிதியாண்டில் அந்த ஓட்டல் ஏதாவது ஒரு ரூமை நாளுக்கு 7,500-க்கு மேல் கொடுத்திருந்தால் உள்ளே இருக்கும் ரெஸ்டாரண்டுக்கும் 18தான். இல்லாவிட்டால் பொதுவாக 5. தெருவுக்கு எதிரே நடந்துபோய்ச் சாப்பிட்டால் 5 என்பது அதனால்தான். சர்வீஸ் சார்ஜ் வேறு கதை, வக்கீல் சார் சொல்லட்டும்.

முலுண்ட் வக்கீல்

2022 ஜூலை 4 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஒரு வழிகாட்டுதல் போட்டது. ஓட்டலோ ரெஸ்டாரண்டோ சர்வீஸ் சார்ஜை பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது, உணவு விலையோடு கூட்டி அதன்மேல் ஜிஎஸ்டி போடவும் கூடாது. அந்த மாதமே டெல்லி உயர் நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. 2025 மார்ச் 28 அன்று அதே நீதிமன்றம் ஓட்டல், ரெஸ்டாரண்ட் சங்கங்களின் மனுக்களைத் தள்ளுபடி செய்து வழிகாட்டுதல் செல்லும் என்று தீர்ப்பளித்தது. அந்த இடைப்பட்ட காலத்துப் பழக்கத்தில் இன்னும் சிலர் போடுகிறார்கள்.

கணக்கு இப்படி: சாப்பாடு 4,000, சர்வீஸ் 400, மொத்தம் 4,400-க்கு 5 சதவீதம் 220. ஆக 4,620. சர்வீஸை எடுத்தால் 4,200. எடுக்கச் சொல்லும்போது வரியும் குறைந்ததா என்று பாருங்கள். 400-ஐ மட்டும் கழித்துவிட்டு அதன்மேல் போட்ட 20 ரூபாயை அப்படியே விட்டுவிடும் பில் வரும்.

ஆப்பில் விலை ஏறும் விஷயத்துக்கு 2023 நவம்பர் 30 அன்று வந்த 'டார்க் பேட்டர்ன்' வழிகாட்டுதல்கள் இருக்கின்றன. 13 வகை ஏமாற்றுகளைப் பட்டியலிட்டிருக்கிறார்கள். முதலில் குறைத்துக் காட்டிவிட்டுக் கடைசியில் கட்டணங்களைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவது அதில் ஒன்று. நன்கொடையையோ பயணக் காப்பீட்டையோ கேட்காமல் டிக் போட்டு வைப்பது இன்னொன்று. எனவே முதல் திரை, கடைசித் திரை இரண்டையும் தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தால் போதும், புகாருக்கு ஆதாரம் கையில் இருக்கும்.

தவறாக நம்பிச் சண்டை போடக்கூடாத ஒன்றும் உண்டு. ரூமிலோ மேசையிலோ தரும் பாட்டில் தண்ணீருக்கு எம்ஆர்பிக்கு மேல் வாங்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இலவசம் என்று வைத்த பாட்டில் எது, மினி பாரில் இருப்பது எது என்று முதலிலேயே கேட்டுக்கொள்வதுதான் வழி.

அந்தேரி முன்மேசை

ஓட்டல் வரவேற்பு மேசைக்கு உள்பக்கம் என்ன நடக்கிறது என்பது தெரிந்தால் உங்கள் வேலை சுலபம். ஒவ்வொரு ரூமுக்கும் கம்ப்யூட்டரில் ஒரு கணக்கு ஓடும். அன்றைய வாடகையும் கூடுதல் கட்டணங்களும் நள்ளிரவுக்கு மேல் மொத்தமாக அதில் ஏறும். காலை 10, 11 மணிக்குக் கும்பலாக எல்லோரும் செக்-அவுட் செய்யும்போது நின்று வாதாடினால் யாருக்கும் கேட்க நேரம் இருக்காது. கடைசி இரவுக்கு முந்தின சாயங்காலம் கீழே வந்து 'இதுவரை என்ன ஏறியிருக்கிறது, ஒரு பிரதி கொடுங்கள்' என்று கேளுங்கள். கொடுப்பார்கள். அப்போது திருத்துவது ஒரு நிமிட வேலை. பணம் வாங்கி பில்லை மூடிவிட்ட பிறகு திருத்த வேண்டும் என்றால் கிரெடிட் நோட்டு, மேலாளர் கையெழுத்து, அக்கவுண்ட்ஸ் என்று இழுக்கும். அதனால்தான் 'மெயில் போடுங்க சார்' என்று அனுப்பிவிடுகிறார்கள்.

மேசையில் நிற்கும் பையனுக்கு பில்லிலிருந்து ஒரு கட்டணத்தை நீக்கும் அதிகாரம் பெரும்பாலும் இருக்காது. அவனிடம் கத்திப் பயனில்லை. டியூட்டி மேனேஜரைக் கேளுங்கள். கேட்கும்போது 'இது அரசு வரியா, ஓட்டல் கட்டணமா?' என்று மட்டும் கேளுங்கள். வரி என்றால் பில்லில் சதவீதத்தோடு தனியாக எழுதியிருக்கணும். 'ரிசார்ட் கட்டணம்', 'பராமரிப்பு', 'வசதிக் கட்டணம்' என்ற பெயர்களெல்லாம் ஓட்டல் வைத்தவை. புக்கிங் உறுதிச் சீட்டில் இல்லை என்றால் நீக்கக் கேட்க உங்களுக்கு முழு நியாயம் உண்டு.

டெபாசிட் பற்றியும். கிரெடிட் கார்டில் 'பிடித்து வைத்தால்' பணம் போகாது, லிமிட் மட்டும் குறையும். செக்-அவுட்டில் விடுவிக்கச் சொல்லணும். டெபிட் கார்டு, யுபிஐ என்றால் பணம் நிஜமாகவே போய்விடும், திரும்பி வர நாளாகும். ரொக்கமாகக் கொடுத்தால் ரசீது இல்லாமல் நகராதீர்கள்.

புக் செய்வதற்கு முன் ஓட்டலுக்கு வாட்ஸ்ஆப்பில் இந்த ஒரு செய்தி போதும், இந்தியிலோ ஆங்கிலத்திலோ அனுப்புங்கள்: 'இத்தனை தேதி முதல் இத்தனை தேதி வரை, இத்தனை பெரியவர், இந்த வயதுப் பிள்ளைகள். வரி, கட்டாய உணவு, கூடுதல் மெத்தை, பார்க்கிங், டிரைவர் தங்குமிடம் எல்லாம் சேர்த்து நாங்கள் கட்டவேண்டிய மொத்தத் தொகை எவ்வளவு? இதற்கு மேல் கவுண்டரில் ஏதாவது உண்டா?' கடைசிக் கேள்விக்கு 'இல்லை' என்று எழுத்தில் வந்துவிட்டால் மேசையில் பேச்சே வராது.

வாஷி பயணி

வெளிநாட்டில் கதை வேறு, அங்கே சிலது சட்டப்படியே கவுண்டரில்தான் வாங்குவார்கள். துபாயில் 'டூரிசம் திர்ஹம்' என்ற சுற்றுலாக் கட்டணம் ரூமுக்கு ஒரு இரவுக்கு 7 முதல் 20 திர்ஹம் வரை, நட்சத்திரத்தைப் பொறுத்து. நாலு நட்சத்திரத்துக்கு 15. இரண்டு ரூம், ஐந்து இரவு என்றால் 150 திர்ஹம். ஆப்பில் முழுப் பணம் கட்டியிருந்தாலும் இதைத் தனியாகக் கேட்பது ஏமாற்று இல்லை. சிங்கப்பூரில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருக்கும்: 10 சதவீதம் சேவைக் கட்டணம், அதையும் சேர்த்து அதன்மேல் 9 சதவீதம் ஜிஎஸ்டி. 200 டாலர் என்று பார்த்தது 239.80 ஆகும். அமெரிக்காவில் 2025 மே 12 முதல் கட்டாயக் கட்டணம் எல்லாவற்றையும் சேர்த்த மொத்தத் தொகையை விளம்பரத்திலேயே காட்டணும் என்று விதி. லாஸ் வேகாஸில் ரிசார்ட் கட்டணம் ஒழிந்துவிடவில்லை, விலைக்குள் தெரிகிறது, அவ்வளவுதான். அதுவே பெரிய உதவி. நம் ஊர் ஆப்களிலும் இது வரணும்.

கவுண்டரில் கார்டு மெஷின் 'ரூபாயில் கட்டவா?' என்று கேட்டால் அந்த ஊர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். ரூபாய் என்றால் மாற்று விகிதத்தில் இன்னொரு கட்டணம் ஒளிந்திருக்கும்.

டோம்பிவிலி அக்கா

சரி, எல்லாம் கேட்டும் கொடுத்தே ஆகணும் என்று பையைப் பிடித்து வைத்தால்? குழந்தைகளோடு நிற்கும்போது எவ்வளவு நேரம் வாதாடுவது?

முலுண்ட் வக்கீல்

கொடுத்துவிட்டு வாருங்கள் அம்மா. ஆனால் பில்லின் மேல் 'எதிர்ப்போடு செலுத்துகிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பில் தரமாட்டேன் என்றால் அதுவே 2019 நுகர்வோர் சட்டப்படி முறையற்ற வணிகம். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள், தமிழிலும் பேசலாம். 8800001915 என்ற எண்ணில் வாட்ஸ்ஆப்பும் உண்டு. அவர்கள் தீர்ப்பு சொல்லமாட்டார்கள், ஓட்டலிடம் பேசிப் பதில் வாங்கித் தருவார்கள். சின்னத் தொகை பல நேரம் அந்தக் கட்டத்திலேயே திரும்பிவிடும்.

திரும்பாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஓட்டல் கோவாவில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, டோம்பிவிலி என்றால் தாணேயிலேயே, வழக்குப் போடலாம். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை. இணையத்தில் 'இ-ஜாக்ரிதி' தளத்தில் போடலாம். காலக்கெடு இரண்டு வருடம்.

பரேல் தொண்டர்

டாட்டா மெமோரியல் புற்றுநோய் மருத்துவமனைக்குச் சிகிச்சைக்கு ஊரிலிருந்து வருபவர்களுக்காக எழுதுகிறேன். சுற்றுலாப் போகிறவருக்கு இது எரிச்சல், இவர்களுக்கு மருந்துக் காசு.

பரேல், தாதர் பக்க லாட்ஜுகளில் மூன்று இடத்தில் தொகை ஏறும். ஒன்று, விடியற்காலை ரயிலில் வந்து இறங்கினால் 'மதியம்தான் செக்-இன்' என்று அரை நாளோ முழு நாளோ சேர்ப்பது. புக் செய்யும்போதே '24 மணி நேரக் கணக்கா, மதியக் கணக்கா' என்று கேளுங்கள். 24 மணிக் கணக்கு லாட்ஜ் என்றால் காலை 6-க்கு வந்தால் மறுநாள் காலை 6 வரை. இரண்டு, நோயாளியோடு இரண்டு பேர் வந்தால் மூன்றாவது ஆளுக்குத் தினசரிக் கட்டணம். வாரக்கணக்கில் தங்குவதாகச் சொல்லி அதை முன்பே பேசி முடியுங்கள். மூன்று, கெட்டில், இண்டக்ஷன் அடுப்பு வைத்தால் 'கரண்டு சார்ஜ்'. கஞ்சி வைக்கவேண்டிய நோயாளி என்றால் சமையல் வசதியுள்ள தர்மசாலையோ வாடகை ரூமோ தேடுவதே நல்லது.

மாதக்கணக்கில் தங்குபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஒருவருக்கு மாதம் 20,000 ரூபாய்க்கு மிகாமல், தொடர்ந்து குறைந்தது 90 நாள் தங்கும் இடத்துக்கு 2024 ஜூலை 15 முதல் ஜிஎஸ்டி கிடையாது. நடுவில் ஊருக்குப் போகும்போது ரூமைக் காலி செய்துவிட்டுத் திரும்ப எடுத்தால் 'தொடர்ந்து' என்பது அறுந்துவிடும். கீமோ இடைவெளியில் ஊருக்குப் போகிறவர்கள் ரூமை விடுவதா வைத்திருப்பதா என்பதை இதையும் சேர்த்துக் கணக்குப் போட்டு முடிவெடுங்கள். ஒப்பந்தத்தை மூன்று மாதத்துக்கு என்று முதலிலேயே ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.