கியூகம்பரை நிறுவியும் பி.டி.டி. பயன் தரவில்லை: எங்கே தவறினோம்?

கேள்வி:
வணக்கம். ஏழு பேர் கொண்ட எங்கள் அணி, இரண்டு வார ஸ்பிரிண்ட் (குறுகிய பணிச்சுற்று) முறையில் இணைய அங்காடி ஒன்றுக்கு மென்பொருள் எழுதி வருகிறது. ஆறு மாதங்களுக்கு முன் மென்பொருள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை எடுத்துக்காட்டுகளாக முன்பே பேசி முடிவுசெய்யும் பி.டி.டி. (Behaviour-Driven Development) முறைக்கு மாறுவதாக முடிவெடுத்து, அந்த எடுத்துக்காட்டுகளைச் சோதனைகளாக இயக்கும் கியூகம்பர் கருவியை நிறுவினோம். ஆனால் டெவலப்பர்கள் கோடு (நிரல்) எழுதி முடித்த பிறகு, டெஸ்டர் ஒருவரே தனியாக உட்கார்ந்து அந்த எடுத்துக்காட்டுகளை, அதாவது சினாரியோக்களை, எழுதுகிறார். எதை உருவாக்குவது என்று முடிவெடுக்கும் புராடக்ட் ஓனர் அவற்றைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. திரையில் ஒரு பொத்தானின் பெயர் மாறினாலே நாற்பது சினாரியோக்கள் தோற்கின்றன. எதைத் திருத்துவது?

மறுமொழி 1:
கோடு முடிந்த பிறகு எழுதப்படுவது வழக்கமான தானியங்கிச் சோதனைதான். பி.டி.டி.யை உருவாக்கிய டான் நார்த் அதை விளக்கி எழுதிய கட்டுரை 2006இல் வந்தது. கியூகம்பர் 2008இல்தான் வந்தது. அந்த முறைக்குக் கருவி கட்டாயமில்லை; ஆகவே அதைச் சிறிது காலம் ஒதுக்கிவைக்கலாம். ஒரு ஸ்டோரியை (செய்யவேண்டிய ஒரு சிறு அம்சத்தை) தொடங்கும் முன் புராடக்ட் ஓனர், டெவலப்பர், டெஸ்டர் மூவரும் இருபத்தைந்து நிமிடம் எக்ஸாம்பிள் மேப்பிங் செய்யுங்கள்: ஸ்டோரிக்கு மஞ்சள் அட்டை, விதிக்கு நீலம், எடுத்துக்காட்டுக்குப் பச்சை, விடை தெரியாத கேள்விக்குச் சிவப்பு. சிவப்பு குவிந்தால் அந்த ஸ்டோரியை அந்த ஸ்பிரிண்டில் எடுக்காதீர்கள். எங்கள் அணியில், ‘1,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் டெலிவரி இலவசம்’ என்ற ஒற்றை வரி விதியைப் பேசும்போது, கூப்பன் கழித்துத் தொகை 950 ஆகிவிட்டால் என்ன செய்வது என்று டெஸ்டர் கேட்டார். புராடக்ட் ஓனரிடம் விடை இல்லை. நிதிப் பிரிவைக் கேட்டுவர இரண்டு நாள் ஆயிற்று. கோடு எழுதிய பின் அது தெரிந்திருந்தால் பாதியை மாற்றி எழுத வேண்டியிருந்திருக்கும்.

மறுமொழி 2:
பொத்தான் சிக்கலுக்குக் காரணம் சினாரியோவின் நடை. எதை அழுத்துவது, எதை நிரப்புவது என்பதையெல்லாம் சினாரியோவின் ஒவ்வொரு வரியையும் இயக்கும் கோடான ஸ்டெப் டெஃபினிஷனுக்குள் தள்ளிவிட்டு, வணிக விதியை மட்டும் சினாரியோவில் வையுங்கள். சினாரியோக்களை எழுதும் மொழியான கெர்கின் தமிழ்ச் சொற்களையும் ஏற்கும் என்பதால் இப்படியும் எழுதலாம்:

கொடுக்கப்பட்ட கூடையில் 1,050 ரூபாய்க்குப் பொருள்கள் உள்ளன
எப்போது வாடிக்கையாளர் 100 ரூபாய் கூப்பனைப் பயன்படுத்துகிறார்
அப்பொழுது டெலிவரிக் கட்டணம் சேர்க்கப்படும்

‘பயன்படுத்தினால்’ என்று வினையிலேயே நிபந்தனையை ஏற்றும் மொழியில் ‘எப்போது’ என்று தொடங்குவது உறுத்தத்தான் செய்கிறது. அதனால் நாங்கள் ஆங்கிலத்திலேயே எழுதுகிறோம்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. எங்கள் புராடக்ட் ஓனர் வெளிநாட்டில் இருப்பதால், நாளொன்றுக்கு ஒரு மணி நேரமே ஒன்றாகக் கிடைக்கிறது. அத்தனை ஸ்டோரிகளையும் இப்படிப் பேச முடியுமா?

மறுமொழி 1:
தேவையில்லை. பணம், தள்ளுபடி, திரும்பப்பெறுதல் போன்று விதிகள் பின்னிக்கிடக்கும் ஸ்டோரிகளுக்கு மட்டும் அந்த நேரத்தைச் செலவிடுங்கள்; முகவரிப் படிவத்தில் ஒரு புலம் சேர்ப்பதற்கு மூவர் கூட வேண்டியதில்லை.