எக்ஸ்எல் சூப்பர்: என்ஜின் கோர்த்து நான்கு நாளாகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை

ராயக்கோட்டைத் தக்காளி:

வண்டி அப்பாவுடையது. டிவிஎஸ் எக்ஸ்எல் சூப்பர், 2011 மாடல், இரண்டு ஸ்ட்ரோக். ராயக்கோட்டை மண்டிக்குத் தக்காளிப் பெட்டி சுமந்தே பழகியது. சித்திரையில் என் தம்பி ஆயில் கலக்காமல் வெறும் பெட்ரோலை ஊற்றி ஓட்டினான். கெலமங்கலம் சாலையில் பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துக்கொண்டது.

மாட்டுக்கொட்டகையில் இரண்டு மாதம் சாய்ந்து கிடந்த பிறகு, கிருஷ்ணகிரியில் ஒரு லேத் பட்டறையில் சிலிண்டரை 0.50 மி.மீ. ஓவர்சைஸுக்குக் கடைந்து போர் போட்டு, கிராங்க் தண்டில் புதுக் கனெக்டிங் ராடு ஏற்றி வாங்கி வந்தேன். பிஸ்டன், ரிங், பேரிங், ஆயில் சீல், பேக்கிங் எல்லாம் புதிது. கோர்த்தது நான். கூலி மிச்சம் என்று வீட்டில் சொன்னேன், உண்மையில் ஆசைதான்.

பிளக்கைக் கழற்றி ஹெட்டில் வைத்து உதைத்தால் நெருப்பு நீலமாக வருகிறது. பிளக் துளையில் விரலை வைத்தால் தள்ளிவிடுகிறது. பெட்ரோலும் வருகிறது; பிளக் நனைந்திருக்கிறது. கார்ப்பரேட்டரை இரண்டு முறை கழுவிவிட்டேன். முதல் நாள் சைலன்சரில் ஒருமுறை 'டப்' என்று வெடித்தது. அது காட்டிய உயிர் அவ்வளவுதான். இனி என்ன பார்ப்பது?

அதியமான்கோட்டை:

டேங்கில் இருப்பது சித்திரையில் ஊற்றிய பெட்ரோலா? அப்படியானால் முதலில் அதை வடித்துவிடுங்கள். இப்போது பங்கில் கிடைப்பதில் எத்தனால் கலந்திருக்கிறது. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். அதிகமானால் தண்ணீர் அடியில் பிரிந்து நிற்கும். கார்ப்பரேட்டருக்குப் போவது அந்த அடித்தண்ணீர்தான். என் அனுபவத்தில் பத்தில் எட்டு வண்டி இதனால்தான் நிற்கிறது.

ராயக்கோட்டைத் தக்காளி:

வடித்துவிட்டேன் அண்ணா. புதுப் பெட்ரோல், லிட்டருக்கு 30 மில்லி ஆயில், புதுப் பிளக். மாற்றம் இல்லை.

பென்னாகரத்தான்:

பிஸ்டன் தலையில் ஓர் அம்புக்குறி இருக்கும். அது சைலன்சர் பக்கம் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டிருந்தால் ரிங்கின் வாய் சிலிண்டர் சுவரிலுள்ள போர்ட் திறப்பில் சிக்கி உடையும், புதுப் போரும் கெடும். சைலன்சரைக் கழற்றினால் அந்தத் துளை வழியாகவே பிஸ்டனையும் ரிங்கையும் பார்க்கலாம். கீறல் இருந்தால் தெரிந்துவிடும். அம்புக்குறியை டார்ச் அடித்துப் பிளக் துளை வழியாகப் பாருங்கள்.

கழற்றிய கையோடு சைலன்சர் இல்லாமல் ஒருமுறை உதைத்தும் பாருங்கள். இரண்டு ஸ்ட்ரோக்கில் புகை போகும் வழி அடைத்திருந்தால் புதுக் காற்று உள்ளே வர இடமில்லை. கரி அடைத்த சைலன்சரோடு ஒரு நாள் முழுவதும் உதைத்த ஆள் நான்.

ராயக்கோட்டைத் தக்காளி:

அம்பு சரியாக இருக்கிறது, கீறல் இல்லை. ஆனால் சைலன்சர் வாயில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் குளவி மண்கூடு கட்டியிருந்தது! இதுதான் குற்றவாளி என்று குதித்தேன். குத்தி எடுத்துவிட்டு, சைலன்சர் மாட்டாமலே உதைத்தேன். காது கிழிய ஒரு வெடி. தோட்டத்து நாய் இன்னும் திரும்பி வரவில்லை. அடுத்த உதையில் கிக்கர் காலைத் திருப்பி அடித்துவிட்டது. குதிகால் வீங்கியிருக்கிறது. வண்டி மட்டும் அப்படியே நிற்கிறது.

பழைய பட்டறை, பாலக்கோடு:

தம்பி, கிக்கர் திருப்பி அடித்தது என்பதைக் கடைசி வரியில் சொல்கிறீர்கள். அதுதான் முதல் வரியில் வந்திருக்க வேண்டும்.

நெருப்பு வருகிறது என்பது வேறு, வர வேண்டிய நேரத்தில் வருகிறது என்பது வேறு. ஹெட்டில் வைத்துப் பார்க்கும் பிளக் எந்த நேரத்தில் அடித்தாலும் நீலமாகத்தான் தெரியும். இந்த வகை என்ஜினில் பிஸ்டன் உச்சிக்கு வர கிராங்க் சுற்றில் இன்னும் ஏறக்குறைய 15 முதல் 20 டிகிரி இருக்கும்போது நெருப்பு விழ வேண்டும். ரொம்ப முந்தினால் ஏறி வரும் பிஸ்டனை எதிர்த்து அடிக்கும். உங்கள் குதிகால் அதற்குச் சாட்சி. பிந்தினால் எரியாத பெட்ரோல் சைலன்சருக்குப் போய் வெடிக்கும். முதல் நாள் ஒன்று, இன்று மற்றொன்று என்றால், கிராங்க் முனையில் சுழன்று நெருப்பு நேரத்தைத் தீர்மானிக்கும் மேக்னட் ஓரிடத்தில் நிற்கவில்லை. மேக்னட் கீ அறுந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

கீ என்கிற அந்த அரைநிலாத் துண்டுதான் மேக்னட்டைப் பிடித்து வைத்திருக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அது இடம் காட்டுவதற்கு மட்டுமே. பிடித்து வைப்பது கிராங்க் முனையில் கூம்பாக ஒடுங்கும் டேப்பரும், அதன்மேல் இறுக்கிய நட்டும். டேப்பரில் எண்ணெய் இருந்தாலோ நட்டு இறுகாமல் இருந்தாலோ முழுப் பாரமும் கீயின்மேல் விழும். ஒரு திருப்பி அடியில் அறுந்துவிடும்.

எவ்வளவு நகர்ந்தால் கெடும் என்று கேட்பீர்கள். 15 மி.மீ. விட்டமுள்ள தண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றளவு 47 மி.மீ. மேக்னட் 2 மி.மீ. நகர்ந்தாலே 15 டிகிரி போய்விட்டது. கண்ணுக்குத் தெரியாத நகர்வு, என்ஜினுக்கு முழுக் கணக்கும் தலைகீழ்.

நீங்கள் மேக்னட்டை எப்படி மாட்டினீர்கள், நட்டை எதை வைத்து இறுக்கினீர்கள்? மறைக்காமல் சொல்லுங்கள்.

ராயக்கோட்டைத் தக்காளி:

ஐயா, துருப் பிடிக்கக் கூடாது என்று டேப்பரில் ஆயில் தடவித்தான் மாட்டினேன். மேக்னட்டைக் கையால் பிடித்துக்கொண்டு ஸ்பேனரால் இறுக்கினேன். கடைசியில் சுத்தியலால் ஸ்பேனரை இரண்டு தட்டு. எவ்வளவு இறுகியது என்று தெரியாது. கழற்றிப் பார்க்க, மேக்னட்டை இழுத்தெடுக்கும் புல்லர் இல்லை. இரண்டு ஸ்க்ரூடிரைவரை வைத்து நெம்பலாமா?

ஓசூர் ஃபிட்டர்:

வேண்டாம். நெம்பினால் பின்னாலிருக்கும் கம்பிச்சுருள் (காயில்) உடையும். மேக்னட்டை அடித்தால், அழுத்தி ஏற்றிய கிராங்க் கோணலாகும். லேத்துக்குக் கொடுத்த காசு வீண். ஓசூரில் 1980இல் டிவிஎஸ் 50 வந்த காலம்தொட்டு நம் பக்கம் மொபெட் பட்டறைக்குப் பஞ்சமில்லை. யாரிடமாவது புல்லர் இரவல் கேளுங்கள், கொடுப்பார்கள்.

இறுக்கும்போது மேக்னட்டைப் பட்டையால் பிடிக்கும் கருவி இருந்தால் நல்லது. சிலர் பிளக் துளைக்குள் நைலான் கயிற்றை விட்டுப் பிஸ்டனை நிறுத்துவார்கள். இரண்டு ஸ்ட்ரோக்கில் அதைச் செய்வதென்றால், பிஸ்டன் போர்ட்டுகளை மூடி மேலே ஏறிய பிறகுதான் கயிற்றை விட வேண்டும். இல்லையென்றால் போர்ட் விளிம்பில் கயிறு மாட்டி அறுந்து உள்ளே தங்கிவிடும்.

இன்னொன்று. நெருப்புப் பார்க்கும்போது பிளக்கைத் துளையின் அருகிலேயே வைக்காதீர்கள். உதைக்க உதைக்கத் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி பீச்சும். பற்றினால் கையோடு போகும்.

ராயக்கோட்டைத் தக்காளி:

இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். சூளகிரியில் இருக்கும் மாமாவிடம் புல்லர் கிடைத்தது. நட்டில் ஸ்பேனர் வைத்ததும் கை வேகத்திலேயே கழன்றது. அப்போதே எனக்கு வெட்கமாகிவிட்டது. புல்லரை இறுக்கியதும் மேக்னட் 'டக்' என்று விட்டது. கீ இரண்டு துண்டு. பாதி கிராங்க் பள்ளத்தில், பாதி மேக்னட் பள்ளத்தில், இரண்டு பள்ளமும் நேருக்கு நேர் இல்லை. பாலக்கோட்டு ஐயா பார்க்காமலே சொன்னது அப்படியே இருந்தது.

கீ 20 ரூபாய். டேப்பர் இரண்டையும் பெட்ரோலால் துடைத்துக் காயவிட்டு, பட்டை போட்டுப் பிடித்து இறுக்கினேன். கிராங்க் பெட்டிக்குள் தேங்கிய பெட்ரோலை வெளியேற்ற, பெட்ரோல் குழாயை மூடி, ஆக்சிலேட்டரை முழுதும் திருகி, பிளக் இல்லாமல் பத்து உதை. பிளக்கை மாட்டி உதைத்தால் மூன்றாவது உதையில் ஸ்டார்ட் ஆகிவிட்டது. கொட்டகை முழுவதும் புகை. அம்மா கொசுவுக்குப் புகை போட்டதாக நினைத்துக்கொண்டார்.

இனி எப்படி ஓட்டுவது? ஆயில் எவ்வளவு?

பழைய பட்டறை, பாலக்கோடு:

முதல் இரண்டு டேங்குக்கு அந்த 30 மில்லியே இருக்கட்டும். பிறகு 20க்குக் குறைக்கலாம். 500 கிலோமீட்டர் வரை முழு ஆக்சிலேட்டர் வேண்டாம். ஒரே வேகத்திலும் பிடித்துவைக்காதீர்கள், ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். முதல் ஓட்டத்துக்குப் பிறகு என்ஜின் நன்றாக ஆறியதும் ஹெட் நட்டுகளைக் குறுக்குக் குறுக்காக ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். புதுப் பேக்கிங் அமர்ந்து கொஞ்சம் தளர்ந்திருக்கும். இரண்டு வாரத்துக்குத் தக்காளிப் பெட்டி கூடாது. உங்கள் தம்பியிடம் பெட்ரோல் வாங்கும் வேலையே கூடாது.

ராயக்கோட்டைத் தக்காளி:

ஹெட் நட்டு இறுக்கிவிட்டேன் ஐயா, கால் சுற்று வந்தது. தம்பிக்குத் தடை போட்டாயிற்று. ஆனால் இன்று காலை நான் எழுவதற்குள் அப்பா மூன்று பெட்டி கட்டிக்கொண்டு மண்டிக்குக் கிளம்பிவிட்டார். போன் செய்தேன். "மெதுவாகத்தான் போகிறேன், விலை இன்றைக்கு நன்றாக இருக்கிறது" என்கிறார்.

பழைய பட்டறை, பாலக்கோடு:

வந்ததும் பிளக்கைக் கழற்றி நிறம் பாருங்கள். காப்பிப்பொடி நிறமாக இருந்தால் விட்டுவிடுங்கள். வெளுத்திருந்தால் சாவியை எடுத்து ஒளித்துவையுங்கள்.