மங்குட் புயலை நேரில் கண்டவர்கள் இங்கே எழுதுங்கள்

சா டின்வாசி:
2018 செப்டம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை. காலை 9.40க்கு ஹாங்காங் வானிலை ஆய்வகம் 10ஆம் எண் எச்சரிக்கையை ஏற்றியது, இரவு 7.40 வரை இறக்கவில்லை. அதற்கு மேல் எண்ணே கிடையாது. ஹாங்காங்கின் சா டின் பகுதியில் எங்கள் வீடு முப்பத்தொன்றாவது மாடியில். ஜன்னல் சட்டத்தின் இடுக்கில் புகுந்த காற்று நாள் முழுக்க ஊளையிட்டது. நண்பகலில் கட்டடம் ஆடத் தொடங்கியது. குளியலறை வாளித் தண்ணீர் இந்த விளிம்புக்கும் அந்த விளிம்புக்கும் போய்வந்ததைப் பார்த்த பிறகுதான் தலைசுற்றுவது எனக்கு மட்டுமல்ல என்று புரிந்தது. மாமியார் பூஜை அலமாரியை விட்டு நகரவே இல்லை.

இத்தனைக்கும் புயலின் கண் ஊரைத் தொடவில்லை. சுமார் 100 கிலோமீட்டர் தெற்கே கடந்து, மாலையில் சீனாவின் குவாங்டோங் மாகாணத்துத் தைஷானில் கரையேறியது. நாங்கள் இருந்தது அதன் பாதைக்கு வலப்புறம். சுழலும் காற்றோடு புயல் நகரும் வேகமும் சேர்ந்துகொள்ளும் பக்கம். கரையோரத்து ஹெங் ஃபா சுவெனில் கடல் குடியிருப்புக்குள்ளேயே வந்துவிட்டது. மறுநாள் தண்டவாளமெங்கும் மரங்கள். அப்படியும் அலுவலகம் வரச் சொல்லிவிட்டார்கள். தாய் வாய் ரயில் நிலையத்தில் கால் வைக்க இடமில்லை.

மக்காவ் நண்பர்:
இங்கே சூதாட்ட விடுதிகளையே 33 மணி நேரம் மூடினார்கள். அதற்கு முன் எந்தப் புயலுக்கும் மூடியதில்லை. முந்தைய ஆண்டு ஹாட்டோ புயல் பறித்த உயிர்கள் எல்லோர் நினைவிலும் இருந்தன. அதனால் தாழ்வான பகுதி மக்களை முன்கூட்டியே வெளியேற்றினார்கள். என்னைக் கேட்டால், அதுதான் காப்பாற்றியது.

பாகியோ மாணவி:
உங்களுக்கு முந்தைய நாளே, 15ஆம் தேதி, அது எங்கள் பிலிப்பைன்ஸின் லூசோன் தீவைக் கடந்தது. எங்களுக்குக் காற்றைவிட மழைதான் எமன். பக்கத்திலுள்ள இடோகோனில் மலைச்சரிவு இடிந்து, சிறு சுரங்கத் தொழிலாளர்களும் குடும்பத்தாரும் ஒதுங்கியிருந்த பழைய விடுதியை மூடிவிட்டது. அந்த இடம் கைவிடப்பட்ட தங்கச் சுரங்கம். பெரிய இயந்திரங்கள் போகப் பாதையில்லை. மண்வெட்டியாலும் வெறுங்கையாலும் தோண்டினார்கள். மேலிருந்து கீழ்வரை வரிசையாக நின்று சேற்று வாளிகளைக் கைமாற்றியதைப் பார்த்தேன். எச்சரித்தும் அவர்கள் போகவில்லை என்று பேசுபவர்களைக் கேட்டால் இன்றும் கோபம் வருகிறது. வீடும் பிழைப்பும் அங்கேயே இருந்தவர்கள் எங்கே போவார்கள்?

சா டின்வாசி:
தங்கையே, ஹாங்காங்கில் உயிரிழப்பு இல்லை என்று நாங்கள் நிம்மதியடைந்த அதே நாளில், எதிர்வீட்டில் வேலை செய்த பிலிப்பைன்ஸ் பெண் படிக்கட்டில் உட்கார்ந்து ஊருக்குத் திரும்பத் திரும்ப போன் செய்துகொண்டிருந்தார். புயல் முதலில் கரையேறிய ககயான் மாகாணம்தான் அவர் ஊர். இரவில்தான் தொடர்பு கிடைத்தது. வீட்டார் பிழைத்திருந்தார்கள், கூரையும் அறுவடைக்கு நின்ற நெல்லும் போய்விட்டன. அடுத்த நாளே இரண்டு மாதச் சம்பளத்தை முன்பணமாக வாங்கி அனுப்பினார்.