ஒரே டிஸ்க் உங்கள் கையில் எப்படிப் பறந்தது?

சான்டா குரூஸ், கலிஃபோர்னியா

டிஸ்க் கோல்ஃப் (பறக்கும் தட்டை எறிந்து, குறைந்த எறிகளில் கூடையில் போடும் விளையாட்டு) ஆட ஆரம்பித்து ஒன்றரை வருடம் ஆகிறது. அதில் முதல் எட்டு மாதம் என் கைக்குப் பொருந்தாத ஒரு டிஸ்க்கோடு போராடியதிலேயே போய்விட்டது. புதிதாக வருகிறவர்களுக்கு அந்த எட்டு மாதம் மிச்சமாகட்டும் என்றுதான் இந்த உரையாடலைத் தொடங்குகிறேன். நன்றாக ஆடுபவர்கள் மட்டுமல்ல, நேற்று முதல் டிஸ்க் வாங்கியவர்களும் எழுதுங்கள்.

நான் முதலில் வாங்கியது இன்னோவா நிறுவனத்தின் டெஸ்ட்ராயர் என்ற தூர எறி டிஸ்க், 175 கிராம். பெரிய போட்டிகளின் வீடியோக்களில் அது 450, 500 அடி பறப்பதைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கினேன். டெலவீகா மைதானத்தில் என் கையிலிருந்து அது ஒரு தடவைகூட அப்படிப் பறக்கவில்லை. வலது கை பேக்ஹேண்டில் (கையை மார்புக்குக் குறுக்கே இழுத்து) எறிவேன். கிளம்பி நூறு அடி போகும், இடது பக்கம் சாயும், 180 அடியில் ஏதாவது ஒரு ஓக் மரத்தடியில் போய் விழும். பலம் போதவில்லை என்று நினைத்து இன்னும் இழுத்து எறிந்தேன். டிஸ்க்கின் முன்விளிம்பு மேலே தூக்கிக்கொண்டு இன்னும் சீக்கிரமாக இடது பக்கம் போனது. தோள்வலி வந்ததுதான் மிச்சம்.

ஒரு சனிக்கிழமை எங்களோடு ஒரு பெரியவர் சேர்ந்துகொண்டார். டெலவீகா 1984-ல் திறந்த நாளிலிருந்து அங்கே ஆடுகிறாராம். இரண்டு மூன்று எறிகளைப் பார்த்துவிட்டு, தன் பையிலிருந்து விளிம்பு தேய்ந்த ஒரு லெப்பர்டு டிஸ்க்கை எடுத்துக் கொடுத்து, "பாதி பலம் போதும், தட்டையாக விடுங்கள்" என்றார். விட்டேன். நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது. காலடி வைத்து அளந்தோம்: 240 அடி. பாதி பலத்தில் அறுபது அடி கூடுதல்!

அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. 27-வது கூடைக்கு அங்கே "உலகத்தின் உச்சி" என்று பெயர். மலை விளிம்பில் நின்று கீழே எறிய வேண்டும், தூரத்தில் மான்டரே விரிகுடா தெரியும். கூட வந்த இளைஞர் ஒருவர், போட்டிகளில் ஆடுகிறவர், என் டெஸ்ட்ராயரைக் கேட்டு வாங்கி எறிந்தார். முதலில் லேசாக வலது பக்கம் ஒதுங்கி, வெகுதூரம் மிதந்து, கடைசியில் இடது பக்கம் திரும்பி இறங்கியது. அதே டிஸ்க், அதே காற்று. என் கையில் அது கடைசிப் பகுதியை மட்டும்தான் காட்டிக்கொண்டிருந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

டிஸ்க்கின் மேல் நான்கு எண்கள் போட்டிருக்கும்: ஸ்பீட், க்ளைடு (மிதக்கும் திறன்), டர்ன், ஃபேடு (இவை இரண்டையும் கீழே சொல்கிறேன்). டெஸ்ட்ராயருக்கு 12, 5, -1, 3. லெப்பர்டுக்கு 6, 5, -2, 1. ஸ்பீட் 12 என்றால் இந்த டிஸ்க் வேகமாகப் போகும் என்றுதான் நானும் படித்தேன். உண்மையில் அது நாம் கொடுக்க வேண்டிய வேகம். அதைக் கொடுத்தால்தான் மற்ற மூன்று எண்களும் உண்மையாகும்.

காரணத்தைப் பெரியவர் சொன்னதிலிருந்தும் பிறகு நானே படித்ததிலிருந்தும் சொல்கிறேன். வலது கை பேக்ஹேண்டில் டிஸ்க், மேலிருந்து பார்த்தால், கடிகார முள் போல வலஞ்சுழியாகச் சுழல்கிறது. வேகமாகப் போகும்போது காற்றின் தூக்குவிசை டிஸ்க்கின் நடுவுக்குக் கொஞ்சம் பின்னால் விழுவதால் முன்விளிம்பு தாழப் பார்க்கிறது. ஆனால் சுழல்கிற பம்பரத்தைத் தள்ளினால் அது தள்ளிய பக்கமா விழுகிறது? பக்கவாட்டில் நகரும். அதே மாதிரி டிஸ்க் வலது பக்கம் சாய்கிறது, அதுதான் டர்ன். வேகம் குறையக் குறைய தூக்குவிசை நடுவைத் தாண்டி முன்னால் வந்துவிடும், சாய்வு இடது பக்கம் மாறும், அது ஃபேடு. டெஸ்ட்ராயர் கேட்கிற வேகம் என் கையில் இல்லை. அதனால் கையை விட்டதுமே அதற்கு ஃபேடு காலம் தொடங்கிவிடுகிறது.

*

ஒஸ்லோ, நோர்வே

வணக்கம் அண்ணா. உங்கட பதிவை மகனுக்கு வாசிச்சுக் காட்டினன். அவனுக்குப் பத்து வயசு. நாங்கள் எக்கபெர்க் காட்டுக்குள்ள இருக்கிற மைதானத்தில விளையாடுறனாங்கள்.

உங்களுக்கு நடந்ததுக்கு நேர்மாறா எங்கட வீட்டில நடந்தது. மகனுக்கு லத்திதியூட் 64 செய்யிற டயமண்ட் எண்ட டிஸ்க் வாங்கினம். எண்கள் 8, 6, -3, 1. பாரம் குறைவு, 150 கிராமுக்குக் கிட்ட. மகன் எறிஞ்சால் மெதுவாக் கிளம்பி, கொஞ்சம் வலப்பக்கம் போய், திரும்பி நேராவே வந்து இறங்கும். சின்னக் கைக்கு ஐம்பது மீற்றர் எண்டால் பெரிய சந்தோசம். ஒருநாள் இவர், பிள்ளையின்ர அப்பா, வாங்கி முழுப் பலத்தோட எறிஞ்சார். டிஸ்க் வலப்பக்கம் சாய்ஞ்சது சாய்ஞ்சதுதான். திரும்பவே இல்லை. செங்குத்தா நிண்டு, நிலத்தில விழுந்து, சில்லு மாதிரி உருண்டு பத்தைக்குள்ள போட்டுது. அரை மணித்தியாலம் தேடினம்.

எனக்கு அதில விளங்கினது, நல்ல டிஸ்க், கூடாத டிஸ்க் எண்டு பொதுவாச் சொல்லேலாது எண்டதுதான். பிள்ளைக்கு 175 கிராமில வாங்கிக் குடுத்திட்டு "வளர வளரப் பழகிடும்" எண்டு விடுற பெற்றோரை நான் கண்டிருக்கிறன். தயவுசெய்து அப்பிடிச் செய்யாதேங்கோ. பாரம் குறைஞ்ச டிஸ்க்கை அதே சின்னக் கையால கூட வேகமா விடலாம். பறந்தால்தானே பிள்ளை அடுத்த கிழமையும் வரும்!

குளிர் காலத்தில இன்னொண்டு. மலிவான பிளாஸ்ரிக் கல்லு மாதிரி இறுகி, பிடி வழுக்கும். அப்ப மென்மையான பிளாஸ்ரிக் இருந்தால் நல்லது.

*

டொரண்டோ, கனடா

நான் இடது கை. மேலே எழுதியிருக்கும் ஒவ்வொரு "வலது"க்கும் "இடது" போட்டுப் படித்துக்கொள்கிறேன். யூடியூபில் பாடம் பார்த்துப் படிக்கும் இடக்கைக்காரர்கள் முதல் நாளே இதைத் தெரிந்துகொள்வது நல்லது. வலக்கைக்காரர் ஃபோர்ஹேண்டில் (வலது பக்கத்திலிருந்தே கையை வீசி) எறிந்தாலும் சுழற்சி நம்முடையதுதான், டிஸ்க் கடைசியில் வலது பக்கமே இறங்கும்.

வார்ட்ஸ் தீவு மைதானத்தில் ஒன்டாரியோ ஏரிக் காற்று நேர் எதிரே வரும். எதிர்காற்றில் டிஸ்க்குக்குத் தெரிவது நம் கையின் வேகமும் காற்றின் வேகமும் சேர்ந்த வேகம். அதனால் நேராகப் போகிற டிஸ்க்கும் கவிழும், அதாவது டர்ன் பக்கமாகச் சாய்ந்துவிடும். அங்கே என்னைப் போன்ற சுமாரான கைக்கும் ஃபயர்பேர்டு (9, 3, 0, 4) அருமையாகப் போகிறது. அமைதியான நாளில் அதே ஃபயர்பேர்டு எனக்கு 200 அடி தாண்டாது. பின்காற்றில் நேர்மாறு: எல்லா டிஸ்க்கும் சீக்கிரம் ஃபேடு ஆகும், அப்போது லேசாகக் கவிழும் டிஸ்க்தான் தூரம் போகும்.

*

ஆன் ஆர்பர் பக்கம், மிச்சிகன்

இருபத்தோரு வருடமாக ஆடுகிறேன், பெரும்பாலும் ஹட்சன் மில்ஸ் பூங்காவில். வயது 58. தம்பி சொன்ன கதையை நான் தலைகீழாக வாழ்ந்தவன். நாற்பது வயதில் டெஸ்ட்ராயர் எனக்கு 390 அடி போகும், வலது ஒதுங்கி இடது திரும்பும் முழு எஸ் வளைவும் வரும். ஐம்பதைத் தாண்டி, தோள்பட்டையில் தசை கிழிந்து, ஒரு வருடம் கழித்துத் திரும்பினேன். அதே டிஸ்க், அதே நிறம், பின்னால் என் கையெழுத்துகூட இருக்கிறது. எறிந்தால் இடது பக்கமே போனது. டிஸ்க் கெட்டுவிட்டது என்றே சில மாதம் நம்பினேன். கையின் வேகம் குறைந்துவிட்டது என்று ஒப்புக்கொள்ள அவ்வளவு காலம் ஆயிற்று. அந்த மாதங்கள் வருத்தமானவை.

இப்போது என் பையில் 9-க்கு மேல் ஒன்றும் கிடையாது. வால்கிரி (9, 4, -2, 2) தான் தூரத்துக்கு. அதைக் குறைவாக எண்ணாதீர்கள். 2002-ல் கலிஃபோர்னியாவின் எல் மிராஜ் வறண்ட ஏரியில் ஸ்வீடனின் கிறிஸ்டியன் சான்ட்ஸ்ட்ரோம் உலக சாதனையாக 250 மீட்டர் எறிந்தது வால்கிரியைத்தான். காற்றின் துணை இருந்தது உண்மை, ஆனாலும் 9 எண்ணுள்ள டிஸ்க் அது.

தேய்மானத்தைப் பற்றி யாரும் விரிவாக எழுதவில்லை, எனக்குப் பிடித்த விஷயம் அது. என்னிடம் ராக் என்ற டிஸ்க் மூன்று இருக்கின்றன, மூன்றும் மலிவான பிளாஸ்டிக். புதியது எண்ணில் உள்ளபடி கடைசியில் நன்றாக இடது திரும்பும். நான்கு வருடம் மரத்தில் மோதியது நேராகப் போகும். பதினோரு வருடமானது மெல்ல வலது பக்கம் ஒதுங்கி அப்படியே இறங்கும். அச்சு ஒன்று, வேலை மூன்று. விளிம்பு அடிபட அடிபட டிஸ்க் கவிழும் குணம் கூடுகிறது. புதிதாக வருபவர்களுக்கு நான் தேய்ந்த டிஸ்க்கைத்தான் கொடுப்பேன். தம்பிக்கு லெப்பர்டு கொடுத்த பெரியவரும் தெரிந்துதான் செய்திருக்கிறார்.

இன்னொன்று. 1975-ல் இந்த ஆட்டத்தின் முன்னோடி எட் ஹெட்ரிக் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தர மைதானம் அமைத்தபோது ஆடியவர்கள் கையில் இருந்தவை தடித்த விளிம்புள்ள சாதாரண பறக்கும் தட்டுகள்தான். 1983-ல் டேவ் டனிபேஸ் விளிம்பைச் சரித்துச் செய்த ஈகிள் என்ற டிஸ்க் வந்த பிறகே இந்த வேகப் பந்தயம் தொடங்கியது. விளிம்பு கூர்மையாகி அகலமாக, தூரம் கூடியது, தவறை மன்னிக்கும் குணம் போய்விட்டது. கூடைக்குப் பக்கத்திலிருந்து எறியும் பட்டரில் விளிம்பு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர், டெஸ்ட்ராயரில் 2.2. அந்த அகலத்தைப் பிடித்துச் சுத்தமாக விடவே தனிப் பழக்கம் வேண்டும்.

*

சான்டா குரூஸ், கலிஃபோர்னியா

அண்ணா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு நேற்று மாலை ஒரு பட்டரும் (ஏவியார்: 2, 3, 0, 1) லெப்பர்டும் மட்டும் எடுத்துப் போனேன். ஏவியாரைத் தட்டையாக விட்டால் என் தவறு அப்படியே தெரிகிறது. மணிக்கட்டு சாய்ந்தால் டிஸ்க்கும் சாய்கிறது, முன்விளிம்பு தூக்கினால் மிதந்து அங்கேயே நிற்கிறது. முப்பது எறிக்குப் பிறகு ஐந்து நேராகப் போயின. பிறகு லெப்பர்டை வெளிவிளிம்பு கொஞ்சம் தாழ்ந்த ஹைசர் கோணத்தில் விட்டேன். நிமிர்ந்து, நேராகி, மெல்ல இறங்கியது. 265 அடி, தோளில் வலி இல்லை.

ஒஸ்லோ அக்காவுக்கு ஒரு கேள்வி: டயமண்ட் அதே எடையில் அங்கே மென்மையான பிளாஸ்டிக்கிலும் கிடைக்கிறதா? அடுத்த மாதம் என் சொந்த அக்காவின் மகள் வருகிறாள், எட்டு வயது. டெஸ்ட்ராயரை அலமாரியில் வைத்துவிட்டேன், அவள் கண்ணில் படாமல்.