புதுப்பிப்பு: 10 மீட்டர் ஏர் ரைஃபிளுக்குப் பெல்லட் தேர்வு

முன்பு இதே இழையில், 4.50 மி.மீ தலை அளவுள்ள (முன்பகுதியின் விட்டம்) பெல்லட், அதாவது ஏர் ரைஃபிளின் சிறிய ஈயக் குண்டு, எந்தக் குழலுக்கும் போதும் என்று எழுதியிருந்தேன். அதைத் திருத்துகிறேன். ஒரே மாடல் துப்பாக்கிகளிலும் ஒரு குழலுக்கு 4.49 சேரும், இன்னொன்றுக்கு 4.51 சேரும்.

ரைஃபிளை வைஸில் (அசையாமல் இறுக்கிப் பிடிக்கும் கருவி) பொருத்திச் சோதியுங்கள். தோளில் வைத்துச் சுட்டால் கையின் பிழையும் கலந்துவிடும். பெல்லட் மாற்றியதும் முதல் பத்து குண்டுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள், குழல் புதிய ஈயத்துக்குப் பழக வேண்டும். பிறகு ஒவ்வொரு அளவிலும் பத்துப் பத்தாக மூன்று குரூப் சுடுங்கள் (குரூப் என்பது ஒரே குறியில் சுட்ட குண்டுகளின் ஓட்டைத் தொகுப்பு). ஐந்து குண்டுகளை வைத்து முடிவெடுப்பதுதான் பலரும் செய்யும் தவறு. அதிர்ஷ்டத்தால்கூட ஐந்து ஒரே ஓட்டையில் விழும்.

குரூப்பின் வெளிவிளிம்பு அளவு 9.5 மி.மீக்குள் இருந்து, அது நடுவில் அமைந்தால் எல்லாக் குண்டுக்கும் 10.0 புள்ளியோ அதற்கு மேலோதான். ஆனால் தசமப் புள்ளியில் ஒவ்வொரு 0.1-உம் நடுவிலிருந்து வெறும் 0.25 மி.மீ தூரம்தான். ஆகவே 7 மி.மீயை நோக்கிப் போங்கள்.

பின்விளிம்பு நசுங்கிய பெல்லட்டை ஒதுக்குங்கள். பொருந்திய டப்பாவின் லாட் (ஒரே தடவையில் தயாரான தொகுதி) எண்ணைக் குறித்து, அதே லாட்டில் சீசனுக்குத் தேவையானதை மொத்தமாக வாங்குங்கள். அடுத்த லாட் வேறு மாதிரி சுடலாம்.

ரைஃபிளின் காற்றுச் சிலிண்டரை மெதுவாக நிரப்புங்கள். வேகமாக ஏற்றினால் சூடாகும், ஆறியதும் அழுத்தமானி இறங்கிவிடும்.