கத்தி படாமல் ஒலியால் சிகிச்சை: எடுத்துக்கொண்டவர்கள் சொல்லுங்களேன்

கானாடுகாத்தான்காரன்:
எங்கள் ஆத்தாவுக்குப் பல வருடமாக வலது கை நடுக்கம். பார்க்கின்சன் இல்லை. சும்மா இருக்கும்போது கை அமைதியாக இருக்கும், காபி டம்ளரைத் தூக்கினால்தான் ஆடும். எசென்ஷியல் ட்ரெமர் என்றார் டாக்டர். மாத்திரை கொஞ்ச நாள் கேட்டது, அப்புறம் இல்லை. வீட்டில் விசேஷம் என்றால் நடுவீட்டுக் கோலம் ஆத்தாதான் போடுவார்கள். ஒரு பொங்கலன்று கோடு நெளிந்துபோக, ஈரத்துணியால் துடைத்துவிட்டு எழுந்தார்கள். அதற்கப்புறம் மாவைத் தொடவே இல்லை.

போன வருடம் வெளியூரில் ஃபோகஸ்டு அல்ட்ராசவுண்டு செய்தோம், அதாவது ஒலியலைகளை ஒரே இடத்தில் குவித்துச் செய்கிற சிகிச்சை. முதலில் சி.டி. எடுத்து மண்டையோட்டைப் பார்த்தார்கள். எலும்பு ஒலியைச் சரியாக உள்ளே விடாவிட்டால் செய்ய மாட்டார்களாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரை அப்படித்தான் திருப்பி அனுப்பினார்கள், பாவம்.

தலையை மழுங்கச் சிரைக்க வேண்டும் என்றதும் நான்தான் தயங்கினேன். ஆத்தா, "பழனிக்குக் குடுத்ததா நெனச்சுக்கிறேன் தம்பி" என்று முடித்துவிட்டார்கள்.

எம்.ஆர்.ஐ.க்குள் படுக்கவைத்து, தலையில் ஹெல்மெட் மாதிரி ஒன்று. அதில் ஆயிரத்துச் சொச்சம் ஒலிமுனைகள். எல்லாம் சேர்ந்து மூளைக்குள் தாலமஸ் என்ற பகுதியில் ஒரு சிறு புள்ளியை மட்டும் சுடவைக்கும். முதலில் லேசான சூட்டில் இடம் சரிதானா என்று பார்த்துவிட்டு, அப்புறம் 55, 60 டிகிரிக்குக் கொண்டுபோகிறார்கள். மயக்கம் கொடுப்பதில்லை. ஒவ்வொரு தடவையும் அட்டையில் சுருள் வரையச் சொன்னார்கள். முதல் சுருள் முள்வேலி மாதிரி இருந்தது. கடைசிச் சுருளைப் பார்த்து எனக்குப் பேச்சு வரவில்லை.

சும்மா பெருமை மட்டும் பேசக்கூடாது. உச்சச் சூட்டில் தலைவலி தாங்கவில்லை என்றார்கள். இரண்டு வாரம் நடை தள்ளாடியது, சுவரைப் பிடித்துத்தான் போனார்கள். இடது கை இன்னும் நடுங்குகிறது, ஒரு பக்கம்தான் செய்தார்கள்.

தேவகோட்டை மேஸ்திரி:
எனக்குச் சிறுநீரகக் கல். லித்தோட்ரிப்ஸி. அது அல்ட்ராசவுண்டு இல்லை, அதிர்வலை. ஆனால் வெளியிலிருந்தே உடைப்பதால் இங்கே எழுதுகிறேன். 1980இல் மியூனிக்கில் முதல் ஆளுக்குச் செய்தார்களாம். எனக்கு இரண்டாயிரத்துக்கு மேல் அடி, விலாவில் யாரோ ரப்பர் வளையம் சுண்டுகிற மாதிரி. தூள் வெளியே வரும்போது வலி உயிர் போகும் என்று அந்த ஆஸ்பத்திரியில் ஒருவரும் சொல்லவில்லை, அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது. கல்லைப் பிடிக்க டீ வடிகட்டி வேறு வாங்கினேன். வீட்டில் அதைத் தனியாக வைக்கச் சொல்லிச் சண்டை!

கானாடுகாத்தான் தம்பி, ஆத்தாவுக்கு ஏன் மொட்டை என்று எனக்குப் புரிகிறது. தரையில் ஆத்தங்குடிக் கல் பதித்தபின் விரலால் தட்டுவோம். அடியில் காற்று இருந்தால் பொள்ளல் சத்தம் வரும். ஒலிக்குக் காற்று ஆகாது, பட்டதும் திரும்பிவிடும். முடிக்குள் காற்று நிற்குமே. ஸ்கேனுக்கு ஜெல் தடவுவதும் அதற்குத்தான்.

காரைக்குடி மாணவி:
மேஸ்திரி அண்ணன் சொன்னது சரி. ஹெல்மெட்டுக்கும் தலைக்கும் நடுவே தண்ணீர் ஓடுவதும் அதற்குத்தான், கூடவே மண்டையோடு சூடாகாமல் பார்த்துக்கொள்ளும். ஆனால் ஹிஸ்டோட்ரிப்ஸி என்ற இன்னொரு ஒலிச் சிகிச்சையில் அதே காற்றுக்குமிழிதான் கத்தி. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவான முறை. சூடே இல்லாமல், திசுவுக்குள் நுண்குமிழிகளைக் கிளப்பி, அவை வெடித்து அடங்கும் வேகத்தில் கட்டியைக் கூழாக்குகிறார்கள். கல்லீரல் கட்டிகளுக்கு 2023 அக்டோபரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. யாராவது செய்துகொண்டவர்கள் இருக்கிறீர்களா?

கானாடுகாத்தான்காரன்:
முடி இரண்டு விரற்கடை வளர்ந்துவிட்டது. இடது கையையும் கேட்டுப் பார்க்கலாமா என்றேன். "மாவுக் கிண்ணத்தைப் பிடிக்க அது போதும்" என்கிறார்கள்.